விழாக் காணும் கலை

பயணம் போகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், மாளிகையைப் பார்க்கிறார்கள், காட்சிச் சாலையில் கண்ணாடிக்குள் இருக்கும் வாளையும் கேடயத்தையும் பார்க்கிறார்கள். மக்களைப் பார்த்து வருகிறவர்கள் சிலரே. ஒரு நாட்டு மக்களை, அவர்களுடைய பாட்டையும் பசியையும் பயத்தையும் நம்பிக்கையையும், ஒரே நாளில் ஒரே தெருவில் காண வேண்டுமானால் அந்நாட்டின் திருவிழாவுக்குப் போகவேண்டும்.

ஆனால் விழாவுக்குப் போனவர் எல்லாரும் விழாவைக் கண்டவர் ஆகார். கூட்டத்தைக் கண்டேன், ஓசையைக் கேட்டேன், படம் பிடித்தேன், திரும்பினேன் என்பவர் பலர். எழுத்தறியாதவன் கையில் கிடைத்த புத்தகம் போல் விழா அவர்களுக்குப் பயன்படாது போகிறது. விழாவைப் படிப்பதற்கும் ஓர் அரிச்சுவடி உண்டு. அந்த அரிச்சுவடியை நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் போகும் வாய்ப்பு என்றோ ஒரு நாள் வரலாம். அதற்கு முன் அடுத்த தெருவில் இந்த அரிச்சுவடியைக் கற்றுக்கொள்ளலாம். அந்த அடுத்த தெருவாக நாம் கொள்ளப்போவது பெங்களூரின் நீலசந்திரா.

நீலசந்திரா என்னும் பள்ளிக்கூடம்

ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அருகே நெருங்கிய வீடுகளோடு கிடக்கிறது நீலசந்திரா. தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் பணி செய்யவும் வருவோர் பலர் இப்பகுதியில் அறை பிடித்துத் தங்குவதுண்டு. தெருவில் இறங்கினால் தமிழ் கேட்கும், கன்னடம் கேட்கும், உருது கேட்கும். பள்ளிவாசலின் அழைப்பும், மாதா கோயில் மணியும், ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும்.

பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பொம்மசந்திரா, சிங்கசந்திரா, அக்ரகாரத்தை அடுத்த பல சந்திராக்கள் எனப் பெங்களூரைச் சுற்றி இத்தகைய ஊர்ப்பெயர்கள் மிகுதி. இந்தச் 'சந்திரா' வானத்துச் சந்திரன் அன்று. 'சமுத்திரம்' என்ற சொல் தேய்ந்து வந்தது என்பர். நம் ஊர்களில் அம்பாசமுத்திரம், வாலசமுத்திரம் என ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்தது போலவே கன்னட நாட்டாரும் அழைத்தனர். பெயரில் ஏரி நிற்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

இங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பழைய பேட்டை; அங்கே தர்மராயசுவாமி கோயிலின் கரக விழா. வடக்கே சென்றால் சிவாஜி நகர். அங்கே மரியன்னை பேராலயத்தின் செப்டம்பர்த் திருவிழா. தென்மேற்கே பசவனகுடி, அங்கே கார்த்திகை மாதத்து 'கடலேகாய் பரிசெ' என்னும் வேர்க்கடலைச் சந்தை விழா. இம்மூன்றையும் கருத்தோடு கண்டவர் உலகத்து விழாக்களில் பெரும்பாலானவற்றைப் படிக்கும் திறன் பெற்றுவிடுவார்.

முதற் பாடம்: நாள்

விழாக் காணப் புறப்படுவோர் செய்யும் பிழைகளுள் பெரியது நாளைத் தவறவிடுவது. சென்ற ஆண்டு ஏப்ரலில் நடந்தது, இவ்வாண்டும் அன்றே நடக்கும் என்று சீட்டு வாங்கிவிடுவார்கள். போய்ச் சேரும்போது பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

உலகத்து விழாக்கள் நான்கு வகைக் கணக்கில் நடைபெறுகின்றன.

முதலாவது, ஆங்கிலத் தேதியிலேயே நிற்பவை. சிவாஜி நகர் மாதா திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் தேரோடு நிறைவுறும்; வேளாங்கண்ணியிலும் அதே நாட்கள்தாம். கிறிஸ்துமஸ் அனைவரும் அறிந்தது.

இரண்டாவது, கதிரவன் கணக்கு. நம் பொங்கலும் சித்திரைப் பிறப்பும் இவ்வகை. இவை ஏறத்தாழ நிலையாக ஜனவரி 14, 15லும் ஏப்ரல் 14லும் வரும். நம் பஞ்சாங்கம் விண்மீனை வைத்து ஆண்டை அளப்பது. ஆங்கில நாட்காட்டி பருவத்தை வைத்து அளப்பது. முன்னது பின்னதைவிடச் சுமார் இருபது நிமிடம் நீளம். ஆதலின் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, திங்களையும் கதிரவனையும் சேர்த்து எண்ணும் கணக்கு. பன்னிரண்டு நிலா மாதங்களுக்கு 354 நாட்களே உண்டு. பருவ ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. குறை சேரச் சேர, சுமார் முப்பத்திரண்டு முப்பத்துமூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சரிசெய்வார்கள். கன்னடரின் உகாதி, சீனரின் புத்தாண்டு, கிறிஸ்தவரின் ஈஸ்டர் எல்லாம் இக்குடும்பம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதிலிருந்து பின்னோக்கி நாற்பத்தேழு நாள் எண்ணினால் வரும் செவ்வாயன்று பிரேசிலின் கார்னிவல் உச்சத்தை அடையும். ரியோ நகரத்துக்குப் பயணச் சீட்டு வாங்குகிறவர் முதலில் ஈஸ்டர் என்று வருகிறது என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நான்காவது, தனித் திங்கட் கணக்கு. இஸ்லாமியர் கூடுதல் மாதம் சேர்ப்பதில்லை. ஆகவே ரமலானும் மொகரமும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து, சுமார் முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பிறை கண்டபின் உறுதியாகும் நாளுக்கு ஒரு நாள் முன்னும் பின்னும் இடம்விட்டுத்தான் பயணத்தை வகுக்க வேண்டும்.

இந்த நான்கையும் அறிந்தால் தமிழ் மாணவர் பெங்களூரில் விழும் ஒரு குழியிலிருந்து தப்பலாம். கரகம் சைத்திர மாத முழுநிலவில் நடக்கிறது. சைத்திரம் என்றால் சித்திரை, ஆகவே மதுரையில் சித்திரா பௌர்ணமி என்றோ அன்றே இங்கும் கரகம் என்று நம்மவர் எண்ணுவது இயல்பு. 2024இல் அது சரியாகவே இருந்தது. ஏப்ரல் 23 இரண்டுக்கும் பொது. ஆனால் 2023இல் கரகம் ஏப்ரல் 6; மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5. 2025இல் கரகம் ஏப்ரல் 12. மதுரையில் மே 12. காரணம் எளிது. கன்னடரின் சைத்திரம் நிலாவோடு பிறப்பது. நமது சித்திரை கதிரவனோடு பிறப்பது. முழுநிலவு ஏப்ரல் 14க்கு முன்னே வந்துவிட்டால் நமக்கு அது பங்குனி உத்திரத்தை ஒட்டிய நிலவு. அவர்களுக்கு அதுவே சைத்திர நிலவு. ஒரே நிலவுக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர்! ஆதலின் எந்த ஊர் விழாவோ அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கேளுங்கள். நம் வீட்டு நாட்காட்டியை நம்பிப் போகாதீர்கள்.

சில இடங்களில் பஞ்சாங்கத்தையும் மீறிய கணக்கு உண்டு. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அங்கே கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தோர் இசிப்பிங்கோ என்னுமிடத்து மாரியம்மன் கோயிலில் பெருந்திருவிழாவை எந்த நாளில் எடுக்கிறார்கள் தெரியுமா? கிறிஸ்தவரின் புனித வெள்ளியன்று! தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாள் அது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். விழா நாளைக் கேட்டால் சில வேளை ஒரு மக்களின் அடிமை வாழ்வே விடையாக வருகிறது.

இரண்டாம் பாடம்: நோன்பு

நாள் தெரிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி: இந்த விழாவை யார் தாங்குகிறார்கள்? எதற்காக?

பெங்களூர்க் கரகத்தைத் தாங்குவோர் திகளர். வன்னிகுல க்ஷத்திரியர் என்றும் அழைக்கப்படுவர். தோட்டக்கலையில் வழிவழியாகத் தேர்ந்தவர். 'திகள' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்து வழங்கிய பழஞ்சொல். இம்மக்களின் வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும். தமிழகத்திலிருந்து நெடுங்காலம் முன் குடியேறிய உழவரும் தோட்டக்காரரும் இன்று கன்னடத் தலைநகரின் முதற்பெரும் விழாவுக்கு உரியவர்களாக இருக்கிறார்கள்.

விழாவின் தலைவி திரௌபதி. பாண்டவர் விண்ணுலகம் செல்லும் வழியில் அவள் பின்தங்கியபோது திமிராசுரன் என்பவன் எதிர்த்தான் என்றும், அவள் தன் உடலினின்றே வீரகுமாரர்களைப் படைத்து அவனை வென்றாள் என்றும், பிரிய மனமில்லாத அவ்வீரர்க்காக ஆண்டுதோறும் சில நாள் வந்து தங்குவதாக வாக்களித்தாள் என்றும் கதை சொல்லுவர். அந்த வருகையே கரகம். ஆண்மகன் ஒருவர் மஞ்சளும் வளையலும் புடவையுமாகப் பெண்கோலம் பூண்டு, மல்லிகையால் கோபுரம்போல் எழுப்பிய கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல் இரவு முழுதும் நடப்பார். வீரகுமாரர்கள் உருவிய வாளோடு உடன் செல்வர். நள்ளிரவுக்குப்பின் கோயிலைவிட்டுப் புறப்பட்ட கரகம் விடியலில்தான் திரும்பும். அந்த ஓர் இரவுக்குப் பின்னே பல மாதத்து உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் இருக்கின்றன.

இதை அறியாதவன் அங்கே பார்ப்பது என்ன? பெண்வேடமிட்ட ஓர் ஆணை. அறிந்தவன் பார்ப்பது என்ன? ஒரு குலத்தின் வாக்கை. கண் ஒன்றே, காட்சி இரண்டு. நோன்பை அறியாமல் விழாவுக்குப் போவதில் உள்ள கேடு இதுதான். நமக்கும் இது பிறர் கையால் நேர்ந்திருக்கிறது. அலகு குத்திய முருகனடியாரை அயல்நாட்டார் சிலர் வேடிக்கைப் பொருளாக எழுதியும் படம்பிடித்தும் போனதைப் பார்த்து நாம் மனம் நொந்திருக்கிறோம். பலர் நாற்பத்தெட்டு நாள் நோன்பிருந்து எடுக்கும் காவடியில் அவர்கள் கண்டது ஊசி ஒன்றைத்தான். நமக்குக் கசந்ததை நாம் பிறர்க்குச் செய்யலாகாது.

விழாவின் காரணத்தைத் தேடினால் நாடுகளுக்கிடையே உறவு புலப்படும். ஜப்பானின் கியோத்தோ நகரத்தில் ஜூலை 17ஆம் நாள் பெருந்தேர்கள் ஊர்வலம் வரும் கியோன் விழா 869இல் கொள்ளைநோய் நீங்க வேண்டி எடுத்த வழிபாட்டில் தொடங்கியது. நம் ஊர் மாரியம்மனுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் 1898இல் பிளேக் நோய் பரவியபோது மக்கள் 'பிளேக் அம்மா' என்றே ஒரு தெய்வத்தை வணங்கலாயினர். அப்பெயரால் கோயில்களும் எழுந்தன. கியோத்தோவின் தேரையும் பெங்களூரின் சிறு கோயிலையும் எழுப்பியது ஒரே அச்சம், ஒரே நம்பிக்கை.

மூன்றாம் பாடம்: வழி

விழா எந்தத் தெருவில் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எந்த வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். ஊர்வலத்தின் வழி ஊரின் பழைய வரைபடமாகும்.

கரகத்துக்கு முன் 'ஹசி கரக' என்றொரு சடங்கு உண்டு. அது நடக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஏரி எங்கே என்று தேடினால் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும்! ஏரியைத் தூர்த்து அரங்கம் கட்டிவிட்டார்கள்; மிஞ்சியிருப்பது ஒரு சிறு குளமே. ஆயினும் ஆண்டுதோறும் சடங்கு அந்த நீரைத் தேடியே வருகிறது. நீலசந்திராவின் பெயரில் ஒரு சமுத்திரம் எஞ்சியிருப்பதைப் போல, கரகத்தின் வழியில் ஒரு சம்பங்கி ஏரி எஞ்சியிருக்கிறது. நகரம் மறந்துவிட்ட நீர்நிலையை விழா மறக்கவில்லை.

அதே வழியில் இன்னொரு வாசலும் உண்டு. கரகம் பேட்டைத் தெருக்களைச் சுற்றி வரும்போது தவக்கல் மஸ்தான் என்னும் இஸ்லாமியப் பெரியாரின் தர்காவுக்குச் சென்று மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே செல்லும். இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. ஒற்றுமை பற்றி மேடையில் ஆயிரம் சொல்லலாம். இங்கே மல்லிகைக் கரகம் நள்ளிரவில் நடந்து காட்டுகிறது.

சிவாஜி நகரிலும் வழி பேசும். செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூரை வேய்ந்த சிற்றாலயம் ஒன்றைக் காணிக்கை மாதாவுக்கு எழுப்பியது அதன் தொடக்கம் என்பது மரபு. இன்று நிற்கும் உயர்ந்த கோபுரமுடைய கோயில் 1882இல் நிறைவுற்றது. மாதாவுக்குப் புடவை உடுத்தும் வழக்கமும், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் வழிபாடும் இன்றும் உண்டு. இதில் வியப்பான செய்தி யாதெனில், அதே செஞ்சிப் பகுதியே திரௌபதி வழிபாட்டின் மூலநிலம் என்று ஆய்வாளர் கருதுவது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் அப்பகுதித் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988இலும் 1991இலும் பெரும் நூல்களாக வெளியிட்டார்.

அந்தத் திரௌபதி கடலையும் கடந்தாள். இலங்கையில் புத்தளம் மாவட்டத்து உடப்பில் தமிழ் மீனவர் அவளுக்குத் தீமிதிக்கின்றனர். சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலில், ஐப்பசி மாதத்தில் தீபாவளிக்குச் சில நாள் முன்னே அவள் பெயரால் பூக்குழி இறங்குகின்றனர். அடியார்கள் சிராங்கூன் சாலையின் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக வருகின்றனர். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவில் தமிழ்ப் பேச்சை இழந்துவிட்ட தமிழ் வழியினரும் தீமிதிக்கின்றனர். அங்கே தெய்வத்தின் பெயர் 'பாண்டியாலே'. பாஞ்சாலி என்ற பெயர் கடற்காற்றில் உருமாறி அப்படி ஆயிற்று! மொழி போயிற்று, பாதை போகவில்லை. பெங்களூரில் கரகத்தைப் பார்த்த மாணவர் ஒருவர் ரீயூனியனில் அயலாராக இருக்கமாட்டார்.

மலேசியாவின் பத்துமலைக்கும் இதே பாடத்தைப் பொருத்திப் பாருங்கள். 1891இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனை நிறுவினார். அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம். 272 படிகளையும் 2006இல் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் பயணிகள் படம்பிடிக்கிறார்கள். ஆனால் விழா அங்கே தொடங்குவதில்லை. கோலாலம்பூர் நகரின் நடுவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முந்திய இரவே வெள்ளித்தேர் புறப்பட்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்கிறது. விழாவைக் காண விரும்புபவர் படிக்கட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. தேரோடு சிறிது தூரம் நடந்தால் போதும். சீனர்கள் தேருக்குத் தேங்காய் உடைப்பதையும் வழியில் காணலாம்.

நான்காம் பாடம்: மொழி

அயலூர் விழாவுக்குப் போகும்போது அவ்வூர் மொழியில் பத்துச் சொல்லாவது கையிருப்பாகக் கொண்டு செல்லவேண்டும். வணக்கம், தயவுசெய்து, நன்றி, தண்ணீர், எங்கே, எவ்வளவு, போதும், வழிவிடுங்கள், படம் எடுக்கலாமா, மன்னியுங்கள்: இவ்வளவு போதும்.

கன்னடம் நமக்கு அரிய மொழியன்று. இரண்டு விதிகளை மனத்தில் கொண்டால் பாதிச் சொற்கள் தாமே விளங்கும். நம் சொல்லின் முதலில் வரும் பகரம் அங்கே பெரும்பாலும் ஹகரமாகும்: பால் 'ஹாலு', பூ 'ஹூவு', பல்லு 'ஹல்லு'. நாம் முன்னே கண்ட 'ஹசி கரக' என்பதும் நமது 'பச்சை', 'பசுமை' என்பவற்றின் உறவே. பச்சைக் கரகம் என்று பொருள். நம் சொல்முதல் வகரமோ பகரமாக ஒலிக்கும்: வா 'பா' ஆகும், வேர் 'பேரு' ஆகும், விடு 'பிடு' ஆகும். இதனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூட்டத்தில் ஒருவர் 'தாரி பிடி, தாரி பிடி' என்று கூவினால் எதையோ பிடிக்கச் சொல்லுகிறார் என்று நம்மவர் நின்றுவிடக் கூடாது. வழி விடுங்கள் என்பதே அதன் பொருள்!

இது வெறும் வசதிக்காகச் சொல்லப்பட்டதன்று. பெங்களூரில் தமிழரும் கன்னடரும் எப்போதும் இன்முகத்தோடே இருந்ததில்லை. 1991ஆம் ஆண்டின் இறுதியில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழர்மீது வன்முறை நடந்தது. அதே ஆண்டில் அல்சூர் ஏரியருகே நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டு துணி மூடி நின்றது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள்தான் அது திறக்கப்பெற்றது. நான்கு நாளில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. சிலைகள் பேசிக்கொள்ள அரசுகள் வேண்டியிருந்தன. மக்கள் பேசிக்கொள்ள விழா ஒன்று போதும். கரக இரவில் தெருவோரத்து வீட்டார் தண்ணீரோ மோரோ நீட்டும்போது நீங்கள் கன்னடத்தில் நன்றி சொன்னால், அது ஒரு நூறு கூட்டங்களில் செய்யும் தீர்மானத்தைவிட நெடுநாள் நிற்கும்.

ஐந்தாம் பாடம்: கூட்டம்

மகிழ்ச்சிக்குப் போன இடத்தில் உயிரை இழப்பதைவிடக் கொடுமை இல்லை. 2022 அக்டோபர் 29ஆம் நாள் தென்கொரியாவின் சியோல் நகரத்து இத்தேவோனில் ஹாலோவீன் கொண்டாட வந்த இளைஞர் 159 பேர் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் நெரிந்து மாண்டனர். 2025 ஜூன் 4ஆம் நாள் பெங்களூரிலேயே, சின்னசாமி கிரிக்கெட் அரங்கின் வாயில்களில், வெற்றி விழாக் காண வந்தவர் 11 பேர் மாண்டனர். நீலசந்திராவிலிருந்து சிறிது நேரத்தில் போய்ச் சேரும் இடம் அது. மாண்டவரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற இளைஞர்.

இத்தகைய விபத்தில் மிதிபட்டு இறப்பவரைவிட நின்றபடியே மூச்சடைத்து இறப்பவரே மிகுதி என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை நாம் நம் விருப்பப்படி நகரலாம். ஆறு ஏழு பேர் ஆனால் கூட்டம் நீர்போல் ஆகிவிடும். ஓர் அலை எழுந்தால் எவரும் தம் காலால் நிற்க இயலாது. ஆகவே பின்வருவனவற்றை மறவாதீர்கள்.

1. உள்ளே நுழையும் முன் வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வைத்துக்கொள்க.

2. நாற்புறமும் பிறர் தோள் உங்கள்மேல் படுமானால் அதுவே முதல் எச்சரிக்கை. அப்போதே வெளியேறுக, இன்னும் சிறிது பார்க்கலாம் என்று நில்லாதீர்.

3. நெருக்கம் மிகுந்துவிட்டால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் காக்கவேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும் இடைவேளையில் சாய்வாக ஓரம் நோக்கி நகரவேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியலாகாது.

4. கூட வந்தவர் பிரிந்துவிட்டால் கூடும் இடத்தை முன்னரே முடிவு செய்க. பெருங்கூட்டத்தில் கைப்பேசி இணைப்புக் கிடைக்காமற் போகலாம். விலாசத்தையும் ஒருவர் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க.

5. எளிதில் கழலாத செருப்பு, ஒரு புட்டி நீர், ஒரு பருத்தித் துண்டு, திரும்பிவரச் சில்லறைக் காசு: இவை போதும். நகையும் பெரும் பையும் வேண்டா. கரகம் போன்ற இரவு விழாவுக்குப் போவோர் கடைசிப் பேருந்தும் மெட்ரோவும் எப்போது என்று அறிந்து, விடியும்வரை தங்கும் எண்ணத்தோடு போவது நல்லது.

ஆறாம் பாடம்: விருந்தினர் பண்பு

பசவனகுடிப் பெரிய நந்தி கோயிலருகே கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களன்று உழவர்கள் புது வேர்க்கடலையைக் கொண்டுவந்து குவிப்பார்கள். கன்னட நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கடலை வரும். அங்கே நல்ல விருந்தினராக இருப்பது எளிது: ஒரு படி கடலை வாங்கினால் போதும். விழாவை நடத்துபவர் கையில் உங்கள் காசு சிறிதேனும் சேரட்டும் என்பதே அதன் பொருள். பூக்காரியிடம் பூவும் தள்ளுவண்டிக்காரரிடம் தின்பண்டமும் வாங்குங்கள். பேரம் பேசி நாலு காசு மிச்சம் பிடித்த பெருமை ஊர் திரும்பும்போது உடன் வராது.

படம் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. நோன்பாளியின் முகத்தருகே ஒளிவிளக்கை மின்னவிடாதீர். தலையில் கரகம் ஏந்தி நடப்பவருக்குக் கண் கூசினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அருள் வந்து ஆடுபவரையும், அழுகிறவரையும், தீர்த்தமாடும் பெண்களையும் எடுக்கவே வேண்டா. மற்றவரை எடுக்குமுன் கண்ணாலாவது கேளுங்கள். மறுத்தால் புன்னகையோடு விலகுங்கள். தலையை மூடச் சொல்லும் இடத்தில் மூடவும், செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் கழற்றவும், ஆண் பெண் வரிசை வேறாக இருக்குமிடத்தில் அவ்வாறே நிற்கவும் அறிந்திருக்க வேண்டும். உங்கள் கொள்கை வேறாக இருக்கலாம். கடவுள் இல்லை என்பவராகவும் இருக்கலாம். வழக்காடப் பல்கலைக்கழக மன்றம் இருக்கிறது. பிறர் வாசலில் விருந்துண்ணும்போது வழக்கு வேண்டா.

பயிற்சி

பாடம் என்றால் பயிற்சி இல்லாமல் முடியாது. இவ்வாண்டு ஒரு விழாவை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சமயத்து விழாவாக அது இருக்க வேண்டா. உங்கள் மொழியாரின் விழாவாகவும் இருக்க வேண்டா. பேருந்திலோ நடந்தோ போகும் தொலைவில் இருந்தால் போதும். ஒரு குறிப்பேட்டில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். நாள் எந்தக் கணக்கில் வருகிறது? நோன்பு யாருடையது? எந்த நோய்க்கோ அறுவடைக்கோ வாக்குக்கோ இது எழுந்தது? ஊர்வலம் எந்த வாசல்களில் நிற்கிறது, ஏன்? இவ்விழாவின் உறவினர் உலகில் வேறெங்கே இருக்கிறார்கள்? ஐந்துக்கும் விடையை நூலில் பாதியும் தெருவில் பாதியுமாகத் தேடுங்கள். தெருவில் தேடும்போது வயதில் மூத்தோரிடம் முதலில் செல்லுங்கள். விழாவின் வழி மாறிய இடங்களும், தூர்ந்த குளங்களும், நின்றுபோன சடங்குகளும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களோடு மறைந்துவிடவும் கூடும்.

அப்படி எழுதிய குறிப்புகளை நம் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து மாணவர் பத்து விழாக்களை எழுதினால், பின்வரும் மாணவர்க்கு இந்நகரைக் காட்ட அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. சமுத்திரம் என்ற பெயர் சந்திராவாகித் தேய்ந்ததுபோல் நம் காலத்துச் செய்திகளும் தேயும். தேயுமுன் எழுதி வைப்பது படித்தவர் கடமை.